கப்பல் ஊர் மாறும் மாதங்கள்: ரீபொசிஷனிங் குரூஸுக்கு ஒரு காரைக்குடிக் கணக்கு

திருச்சி ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்ட கார், காரைக்குடிக்குக் காலியாகத் திரும்பினாலும் டீசல் அதே டீசல்தான். அதனால்தான் ‘ரிட்டர்ன் வண்டிங்க, பாதி வாடகை கொடுத்தாப் போதும்’ என்று டிரைவர் கூப்பிடுகிறார். ஆயிரக்கணக்கான பேரை ஏற்றும் சொகுசுக் கப்பல்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை இதே நிலை வருகிறது. அப்போது விற்கும் ஒருவழிப் பயணத்துக்குத்தான் ரீபொசிஷனிங் குரூஸ் என்று பெயர்.

அலாஸ்காவில் பனியாறுகளைக் காட்டும் கப்பலுக்கு அங்கே ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரைதான் பிழைப்பு. மத்தியதரைக் கடலில் ஏப்ரலில் தொடங்கி அக்டோபர், நவம்பரில் கூட்டம் வடிந்துவிடும். கரீபியன் தீவுகளில் நேர் எதிர். வட அமெரிக்காவில் குளிர் தொடங்கியதும்தான் அங்கே வெயிலைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை சீசன். சிங்கப்பூரைச் சுற்றிய கடலிலும் இந்தக் குளிர்மாதங்களில்தான் வெளியூர்க் கப்பல்கள் அதிகம் வந்து நிற்கும். ஒரே கப்பல் கோடைக்கு ஒரு கடல், குளிருக்கு ஒரு கடல் என்று மாறி மாறிப் பிழைக்கிறது. இடையில் ஒரு பெருங்கடலைத் தாண்டியாக வேண்டும். காலியாகத் தாண்டினாலும் எண்ணெய் எரியும். கேப்டன் முதல் அறை துடைக்கும் பையன் வரை எல்லோருக்கும் சம்பளம் ஓடும். நாலு காசு வரட்டும் என்று கேபின்களை இறக்கிய விலைக்கு விற்கிறார்கள்.

விலை இறங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரணக் குரூஸில் தினம் ஒரு துறைமுகம் வரும். இதில் கரையே காணாமல் ஐந்து நாள், ஏழு நாள் தொடர்ந்து போகும். பள்ளி நடக்கும் மாதங்கள் வேறு. பதினாலு, பதினாறு நாள் லீவு போடக்கூடிய ஆட்களும் குறைவு. அதே சமயம், கரை இல்லாத நாளில் பயணி கப்பலுக்குள்தான் செலவு செய்வார்: பார், கேசினோ, ஸ்பா, போட்டோ. டிக்கெட்டில் விட்டதை அங்கே பிடித்துக்கொள்வது அவர்கள் கணக்கு. சாயங்காலம் ஒரு டீயும் ராத்திரி ஒன்பதரைக்குத் தூக்கமும் போதும் என்கிற நம் ஊர் ஆட்களிடம் அந்தக் கணக்கு பெரிதாகப் பலிக்காது. நமக்கு லாபம்தான்.

ஒருவழிப் பயணமெல்லாம் இந்த வகை என்று எண்ணிவிட வேண்டாம். சவுதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் குவீன் மேரி 2, ஊர் மாறுவதற்காகப் போவதில்லை. ஏழு இரவுப் பயணமாக ஆண்டின் பெரும்பகுதி அந்தத் தடத்தில் போய்வருவதே அதன் வேலை. அதில் ‘திரும்புகிற வண்டி’ விலையை எதிர்பார்க்கக் கூடாது. ஒரு கப்பல் ஊர் மாறுகிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி, அதன் அட்டவணையில் ஜனவரியில் எங்கே நிற்கிறது, ஜூலையில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. இரண்டும் வேறு வேறு கடலென்றால் இடையில் இரண்டு இடமாற்றப் பயணங்கள் இருந்தே தீரும். குரூஸ்மேப்பர் போன்ற தளங்களில் கப்பல் பெயரைப் போட்டால் ஆண்டு முழுவதற்கும் அட்டவணை வரும். நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் டிரான்ஸ்அட்லாண்டிக், டிரான்ஸ்பசிபிக், ஒன்வே என்ற தலைப்புகளில் தேடலாம்.

நம் கடற்கரையிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் மும்பை, கோவா, கொச்சிப் பக்கம் அரபிக்கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரை அப்போது தேவலை. இந்திய நிறுவனம் ஒன்றின் சொகுசுக் கப்பலான கோர்டிலியா 2022இல் சென்னையிலிருந்து புறப்பட்டதும், அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனதும் ஜூன் மாதத்தில்தான். அட்லாண்டிக்கைத் தாண்டும் முன் கடல் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க நினைப்பவர், இப்படி நாலைந்து நாள் பயணம் ஒன்று போய்வருவது நல்லது.

தேதியைக் கப்பல்தான் முடிவு செய்யும்

இந்தப் பயணத்தில் நாம் தேதி பார்த்துக் கப்பல் பிடிக்க முடியாது. ஒரு கப்பல் ஒரு திசையில் ஆண்டுக்கு ஒரு முறைதான் போகும். தவறவிட்டால் அடுத்த ஆண்டு. அதனால் முதலில் பார்க்க வேண்டியது விலையை இல்லை, காலண்டரை.

மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒரு பெயர்ச்சி. கரீபியனிலிருந்து ஐரோப்பாவுக்கு, ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் அலாஸ்காவுக்கு, சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்கு என்று கப்பல்கள் கிளம்பும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை மறு பெயர்ச்சி, எல்லாம் எதிர்த்திசையில். நம் மாதக்கணக்கில் சொன்னால் பங்குனி முதல் வைகாசி வரை ஒன்று, புரட்டாசி முதல் கார்த்திகை வரை மற்றொன்று.

செட்டிநாட்டு வீடுகளுக்குப் புரட்டாசிப் பெயர்ச்சிதான் வசதி என்பது என் கருத்து. பொதுவாகப் புரட்டாசியில் கல்யாணம் வைப்பதில்லை. மொய்ப் பணத்தோடு மண்டபம் மண்டபமாக ஏற வேண்டிய வேலை அப்போது கிடையாது. செப்டம்பர் கடைசியில் ஏறினால் அக்டோபர் நடுவில் வீடு வந்துவிடலாம். தீபாவளி முந்தி வரும் ஆண்டா, பிந்தி வரும் ஆண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. அதற்கு ஊரில் இல்லாமல் இருந்தால் அப்பத்தாவிடம் யார் பதில் சொல்வது? நவம்பர் நடுவில் கிளம்பும் அட்லாண்டிக் கப்பல்கள் அந்த நோன்பை நெருக்கிக்கொண்டு வரும், கவனம். சித்திரை, வைகாசிப் பெயர்ச்சி பிள்ளைகள் லீவில் இருக்கிற வீடுகளுக்கு ஒத்துவரும். ஆனால் சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள். நெருங்கிய பங்காளி வீட்டில் விசேஷம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு முன்பணம் கட்டுவது உத்தமம்.

திசைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா நோக்கி மேற்கே போகும்போது சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். அன்றைக்கு நாள் 25 மணி நேரம். ஒரு மணி கூடுதலாகத் தூங்கலாம். கிழக்கே வரும் வசந்தகாலப் பயணத்தில் அதே கணக்கு தலைகீழாகி, நாள் 23 மணி நேரமாகச் சுருங்கும். அடுத்தடுத்து நாலைந்து நாள் ஒரு மணி முன்னதாக எழுந்தால் வயதானவர்களுக்குக் கிறக்கம் வரும். ஆகவே வயதானவர்களுக்கு மேற்கு நோக்கிய பயணமே சுகம்.

பசிபிக்கில் இது இன்னும் வேடிக்கை. வான்கூவரிலிருந்து யோகோஹாமாவுக்குப் போகும் கப்பல் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரு தேதி அப்படியே காணாமல் போகும். திங்கள் இரவு படுத்தால் புதன் காலை. மகாளய அமாவாசை அந்தத் தேதியில் விழுந்துவிட்டால் தர்ப்பணத்தை எந்த நாளில் வைப்பது என்று கிளம்புவதற்கு முன்பே ஐயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கடலில் யோசிக்கிற விஷயமில்லை.

அட்டவணை மாறுவதும் உண்டு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததிலிருந்து ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அதுதான் குறுக்குவழி. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும் பல குரூஸ் நிறுவனங்கள் அந்த வழியைக் கைவிட்டன. சில கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. சில பயணங்கள் ரத்தாயின. சிங்கப்பூரிலிருந்து வட ஐரோப்பாவுக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றினால் 3,000 கடல் மைலுக்கும் மேல் கூடும். 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல் மைல் போகும் கப்பல் ஒரு நாளைக்கு 480 கடல் மைல் தாண்டும். ஆக, ஆறு நாளுக்கு மேல் அதிகம். துபாய், சூயஸ் வழியாகப் போகும் எந்தப் பயணத்தையும் ‘மேற்காசியா அமைதியாக இருந்தால்’ என்ற நிபந்தனையோடு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கப்பலைப் பழுதுபார்க்க உலர்துறையில் ஏற்றும் வேலையையும் இந்தப் பெயர்ச்சியை ஒட்டித்தான் வைப்பார்கள். அந்தத் தேதி நகர்ந்தால் நம் பயணமும் நகரும். விமான டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவே முடியாத வகையில் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

வாசலிலிருந்து வாசல் வரை

விளம்பரத்தில் வரும் ‘ஓர் இரவுக்கு 50 டாலர்’ பொய் இல்லை. ஜன்னல் இல்லாத உள்ளறை அந்த விலைக்கு அட்லாண்டிக் பயணங்களில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த விலை பார்சிலோனாவிலோ மயாமியிலோ வீடு வைத்திருப்பவருக்கு. நமக்கு வீடு காரைக்குடியில். ஒருவழிப் பயணமென்றால் ஏறும் ஊர் ஒரு கண்டத்தில், இறங்கும் ஊர் வேறொரு கண்டத்தில். இரண்டு முனைக்கும் நாமே போய்வர வேண்டும்.

கணவன் மனைவி இரண்டு பேர் பார்சிலோனாவில் ஏறி மயாமியில் இறங்கும் 14 இரவுப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்கு நான் வைத்துக்கொண்டவை; டாலர் 90 ரூபாய், யூரோ 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் கட்டணம் ஆளுக்கு 700 டாலர், இருவருக்கும் ரூ.1,26,000. துறைமுக வரி ஆளுக்கு 150 டாலர், ரூ.27,000. அமெரிக்க நிறுவனங்களில் ஊழியர்களுக்கான டிப்ஸைத் தினமும் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். 17 டாலர் என்று வைத்தால் இருவருக்கும் 14 நாளுக்கு ரூ.42,840. ஷெங்கன் விசாவுக்கு (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஆளுக்கு 90 யூரோ, ரூ.18,000. அமெரிக்க விசா இல்லையென்றால் ஆளுக்கு 185 டாலர், ரூ.33,300. சென்னை–பார்சிலோனா விமானம் இருவருக்கும் ரூ.80,000. மயாமியிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. ஓரிரு இடத்தில் மாறி வர ரூ.1,40,000 வைக்கலாம். ஓட்டலுக்கு ரூ.30,000. காரைக்குடி–சென்னை போக்குவரத்து, இன்சூரன்ஸ், சில்லறை எல்லாம் சேர்த்து ரூ.25,000. கூட்டினால் ரூ.5,22,140. கப்பல் டிக்கெட் இதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

அடுத்து சிங்கப்பூரில் ஏறி யோகோஹாமாவில் இறங்கும் 14 இரவு. கப்பல் கட்டணம் ஆளுக்கு 900 டாலர் என்று கூட்டியே வைப்போம்: ரூ.1,62,000. வரியும் டிப்ஸும் முன்போலவே ரூ.69,840. சிங்கப்பூர், ஜப்பான், வழியில் வரும் நாடுகளின் விசாவுக்கு ரூ.25,000. திருச்சி–சிங்கப்பூர் நேர் விமானம் இருவருக்கும் ரூ.24,000. டோக்கியோவிலிருந்து சிங்கப்பூரோ கோலாலம்பூரோ மாறித் திருச்சி வர ரூ.64,000. ஓட்டல் ரூ.30,000. இதர செலவு ரூ.12,000. மொத்தம் ரூ.3,86,840. கப்பலுக்கு 36,000 ரூபாய் கூடக் கொடுத்தும் மொத்தத்தில் ரூ.1,35,300 குறைகிறது.

திருச்சியிலிருந்து நேர் விமானம் உள்ள ஊரில் ஒரு முனையாவது இருக்கும் பயணத்தைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். சிங்கப்பூர், கோலாலம்பூரை ஒட்டிய கிள்ளான் துறைமுகம், கொழும்பு, துபாய் எல்லாம் இதில் சேரும். குறைந்த கட்டண விமானங்களில் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி விலை. ஒருவழி எடுப்பதால் நஷ்டமில்லை. தொலைதூரப் பெரிய விமானங்களில் ஒருவழி டிக்கெட் சில நேரம் இருவழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே ‘மல்டி சிட்டி’ என்று போட்டு, சென்னை–பார்சிலோனா, மயாமி–சென்னை இரண்டையும் ஒரே டிக்கெட்டாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. விளம்பர விலை ஒரு கேபினில் இரண்டு பேர் என்ற கணக்கில் வரும். ஒருவர் மட்டும் போனால் பல கப்பல்களில் இரண்டு பேர் கட்டணத்தையும் வாங்கிவிடுவார்கள். ஓய்வு பெற்ற இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்து போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, குறட்டையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கே வேறு. மகள் பேறுகாலத்துக்கோ பேரனைப் பார்க்கவோ ஏப்ரலில் போய், குளிர் வரும் முன் செப்டம்பரில் திரும்புவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. பாஸ்போர்ட்டில் பத்தாண்டு விசா ஏற்கெனவே இருக்கும். போகும் டிக்கெட் எப்படியும் எடுக்கிற செலவு. மகன் சியாட்டில் பக்கமோ கலிபோர்னியாவிலோ இருந்தால், அலாஸ்கா சீசன் முடிந்து ஜப்பானுக்குக் கிளம்பும் கப்பல் அதே செப்டம்பர், அக்டோபரில் தயாராக நிற்கும். திரும்பும் விமானத்துக்குப் பதில் கப்பலில் யோகோஹாமா வந்து, அங்கிருந்து சிங்கப்பூர் வழியாகத் திருச்சியில் இறங்கலாம். அமெரிக்காவில் தங்க அனுமதித்த தேதிக்குள் கப்பல் கிளம்புகிறதா என்பதை மட்டும் முதலில் சரிபாருங்கள். ஏறும் ஊர் வான்கூவர் என்றால் கனடா விசாவும் வேண்டும். அலாஸ்கா கப்பல்கள் ஹவாய்க்குப் போகும்போதும் பெரும்பாலும் வான்கூவரிலிருந்துதான் கிளம்பும். வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போவதை 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது.

கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பழைய தலைமுறைக்கு ஒருவழிக் கப்பல் பழக்கமான சங்கதி. 1926இல் கட்டிய ரஜூலா, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு எழுபதுகளின் தொடக்கம் வரை அந்தத் தடத்தில் ஓடியது. அதன் பிறகு எம்.வி. சிதம்பரம், 1985இல் தீப்பிடிக்கும் வரை. மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்புகிற ஐயாமார் போகும்போதே திரும்பும் டிக்கெட்டைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு விசா அதிகாரி அதைத்தான் முதலில் கேட்கிறார்.

கடைசி நேரத் தள்ளுபடி நமக்கு உதவாது

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் ஆலோசனைகளில் ‘கடைசி மாதம்வரை காத்திருங்கள், விலை விழும்’ என்று இருக்கும். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. கப்பல் நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஏறக்குறைய 75 முதல் 120 நாளுக்கு முன் முழுப் பணத்தையும் கேட்கும். அந்தத் தேதி தாண்டியதும் எத்தனை கேபின் காலி என்பது தெரிந்துவிடும், விலை இறங்கும். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா வாங்க, பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாள் முன். கோடையில் விண்ணப்பிக்க அப்பாயிண்ட்மெண்ட் கிடைப்பதே கஷ்டம். அமெரிக்க விசா நேர்காணலுக்குப் பல மாதம் காத்திருக்க நேரலாம். இருபது நாளில் கிளம்பும் கப்பல் பாதி விலைக்கு வந்து என்ன பிரயோஜனம்?

நமக்கு ஒத்துவரும் வழி வேறு. கப்பல் அட்டவணை ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு முன்பே வெளியாகிவிடும். திருப்பித் தரும் முன்பணத்தில் கேபினைப் பிடித்துவைத்துவிட்டு, விலை இறங்குகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். முழுப் பணம் கட்டும் முன் இறங்கினால் புதிய விலைக்கு மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்ற முன்பணத் திட்டம் கொஞ்சம் மலிவாக இருக்கும். விசா கையில் இல்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது விசா விண்ணப்பம், மூன்று நான்கு மாதம் இருக்கும்போது முழுப் பணம் என்று வரிசை அமைந்தால், விசா வராவிட்டாலும் முன்பணம் பத்திரம்.

விசாவில் இரண்டு இடத்தில் ஆட்கள் இடறுகிறார்கள். பார்சிலோனாவில் ஏறிய கப்பல் மொராக்கோவைத் தொட்டுவிட்டு மறுபடி ஸ்பெயினின் கேனரி தீவுகளுக்குப் போனால் ஷெங்கனுக்குள் இரண்டாவது முறை நுழைவதாகக் கணக்கு. ஒருமுறை நுழையும் விசா போதாது. இன்னொன்று, ‘அந்த ஊரில் நாங்கள் இறங்க மாட்டோம், கப்பலிலேயே இருப்போம்’ என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை. வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டின் விசாவையும் காட்டாவிட்டால் ஏற்றாத நிறுவனங்கள் உண்டு. சிங்கப்பூர்–ஜப்பான் தடத்தில் வியட்நாமுக்கு இ-விசா, ஹாங்காங்குக்கு ஆன்லைன் முன்பதிவு என்று சின்னச் சின்ன வேலைகள் வரும். டிராவல் ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு துறைமுகம் துறைமுகமாக நீங்களே டிக் அடித்துப் பாருங்கள்.

அந்த அட்டவணையை வாசிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். இப்படி ஒரு வரி வரும்: ‘மூன்றாம் நாள், ஹோ சி மின் சிட்டி (ஃபூ மை), காலை 7 – மாலை 6’. பார்த்தால் பதினொரு மணி நேரம் ஊர் சுற்றலாம் போலிருக்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் கப்பல் நிற்கும் இடம். ஃபூ மையிலிருந்து நகரத்துக்குப் பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். போக இரண்டு, வர இரண்டு, புறப்படுவதற்கு அரைமணி முன்பே ஏறிவிட வேண்டும். மிஞ்சுவது ஆறரை மணி நேரம், அதிலும் மதியச் சாப்பாடு உண்டு. ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் சிவிட்டாவெக்கியாவில் நிற்கும், நகரத்துக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஏறும் நாளிலும் இதே கதைதான். விமானம் தாமதமானது என்று கப்பல் காத்திருக்காது. ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்கிவிடுங்கள். இறங்கும் நாளில் பிற்பகலுக்கு மேல் உள்ள விமானமாக எடுங்கள்.

இந்தியாவில் உள்ள ஏஜெண்ட் மூலம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக எடுத்தால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமானவரி) பிடிப்பார்கள். அது வருமானவரிக் கணக்கில் திரும்ப வரும் பணம்தான், என்றாலும் கட்டும்போது கையில் இருக்க வேண்டும். கப்பலுக்குள் செலவெல்லாம் டாலரில் ஏறும். ஃபாரெக்ஸ் மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்தில் செலவு செய்தால் வங்கி கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம்) குறைவான கார்டு எது என்று கிளம்பும் முன் பாருங்கள்.

கரை தெரியாத நாட்கள்

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இந்த அட்லாண்டிக் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். “ஏன் தம்பி, பதினாலு நாளுல எட்டு நாள் தண்ணியத்தானா பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்?” என்றார். “ஆமா ஆச்சி” என்றேன். “அடுப்படிப் பக்கம் போக வேணாம்ல?” “வேணாம்.” “அப்பச் சரி.”

பாதி விடை அதில் இருக்கிறது. நாள் முழுக்க மேல்தளத்தில் நடக்கலாம், சீட்டாடலாம், தூங்கலாம், மூன்று வேளையும் போட்டதைச் சாப்பிடலாம். ஊர் சுற்றினால்தான் காசுக்குப் பலன் என்று நினைப்பவர்கள் நாலாம் நாளே சலித்துப் போவார்கள். அவர்களுக்குத் தினம் ஒரு துறைமுகம் வரும் ஏழு நாள் குரூஸ் போதும். சைவம் கேட்டால் பெரிய கப்பல்களில் கொடுப்பார்கள், முன்பதிவிலேயே எழுதிவிடுவது நல்லது. கிடைப்பது பெரும்பாலும் வடஇந்தியச் சைவமாக இருக்கும். கருவேப்பிலைத் தொவையலையோ வெள்ளைப் பணியாரத்தையோ எதிர்பார்க்க வேண்டாம்.

இலையுதிர்கால வட அட்லாண்டிக்கில் ஆட்டம் இருக்கும். கேபின் தேர்ந்தெடுக்க விட்டால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் எடுங்கள். முனைகளையும் உச்சியையும்விட அங்கே ஆட்டம் குறைவு. பால்கனிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்தத் தடத்தில் அவ்வளவு பயன்படாது. பல நாள் காற்றில் கதவைத் திறந்து உட்காரவே முடியாது.

கப்பலில் டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு. பில் டாலரில் வரும். பெரிய சிகிச்சை என்றால் அடுத்த கரை எத்தனை நாள் தள்ளி இருக்கிறது என்பதுதான் கேள்வி. நடுக்கடலில் ஹெலிகாப்டர்கூட எட்டாத தூரம் உண்டு. மருத்துவ வெளியேற்றச் செலவையும் சேர்த்து, குரூஸ் பயணத்துக்கும் செல்லும் என்று எழுதியுள்ள இன்சூரன்ஸ் எடுங்கள். அண்மையில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டர் ஒப்புதல் இல்லாமல் முன்பணமே கட்ட வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் பத்து நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி கேபினுக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். மருந்துச் சீட்டில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கட்டும். ஜப்பானில் இறங்கும் பயணமென்றால் வீட்டு மருந்து டப்பாவை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎபெட்ரின் உள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை.